ப்ராஜெக்ட் ஆய்லர்: இலக்கப் புதிர் பிரியர்களுக்கு ஒரு விமர்சனம்

145 என்ற எண்ணைப் பாருங்கள். 1! + 4! + 5! = 1 + 24 + 120 = 145. இப்படி, தன் இலக்கங்களின் ஃபேக்டோரியல்களை (4! என்றால் 4 × 3 × 2 × 1) கூட்டினால் தானே திரும்பி வரும் எண்களையெல்லாம் கண்டுபிடித்து, அவற்றின் கூட்டுத்தொகையைச் சொல்லச் சொல்கிறது ப்ராஜெக்ட் ஆய்லர் தளத்தின் 34-ஆவது கணக்கு. பைதான் நிரல்மொழியில் ஆறேழு வரிகளில் நிரல் எழுதிவிடலாம். ஆனால் லூப்பை எங்கே நிறுத்துவது? பத்தாயிரத்திலா, பத்து லட்சத்திலா, கோடியிலா? கணக்கில் அது இல்லை. தளமும் சொல்லாது. அதை நீங்களே கண்டுபிடிக்க வேண்டும், அதுவும் ஒரு பேனாவும் அரைத்தாளும் வைத்து. இலக்கங்களை வைத்து விளையாடும் புதிர்களுக்கு இந்தத் தளத்தை மிஞ்சியது இல்லை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்: நிரல் எழுதுவதற்கு முன்னால் யோசிக்க வைக்கிறது.

தளத்தைப் பற்றிச் சுருக்கமாக. காலின் ஹியூஸ் என்பவர் 2001 அக்டோபரில் வேறொரு கணிதத் தளத்தின் ஒரு பகுதியாக இதைத் தொடங்கினார். 2006-இல் தனித் தளமானது. 18-ஆம் நூற்றாண்டின் கணித மேதை லெயோன்ஹார்ட் ஆய்லரின் பெயர். கட்டணம் இல்லை. இப்போது 900-க்கும் மேற்பட்ட கணக்குகள் இருக்கின்றன, புதியவை வந்துகொண்டும் இருக்கின்றன. கணக்குகளைப் படிக்க லாகின் தேவையில்லை. விடையைச் சரிபார்க்க மட்டும் பெயர், பாஸ்வேர்டு கொடுத்துப் பதிவு செய்ய வேண்டும். நீங்கள் நிரலை அனுப்புவதே இல்லை. எந்த மொழியில் எழுதினாலும், பேனாவால் போட்டாலும், கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கட்டத்தில் நிரப்புகிறீர்கள். சரி அல்லது தவறு. அவ்வளவுதான். சரியாக இருந்தால் அந்தக் கணக்குக்கான விவாதப் பக்கம் திறக்கும். பிறர் அதே கணக்கை எப்படிப் போட்டார்கள் என்று அங்கே பார்க்கலாம். ஒவ்வொரு 25 கணக்குக்கும் ஒரு லெவல் ஏறும்.

முதல் 100 கணக்குகளின் வழிமுறைகளைப் பொதுவெளியில் விளக்கலாம், அதற்கு மேற்பட்டவற்றின் தீர்வுகளை வெளியிட வேண்டாம் என்பது தளத்தின் வேண்டுகோள். நியாயமான கோரிக்கை. அதனால் இங்கே விளக்கியிருப்பவை எல்லாம் முதல் நூறுக்குள் உள்ளவை. அவற்றிலும் இறுதி விடையைச் சொல்லவில்லை.

ஒரு நிமிட விதி

ஒவ்வொரு கணக்கும், சாதாரணக் கணினியில் ஒரு நிமிடத்துக்குள் விடை தரக்கூடிய வழி இருக்கும்படி அமைக்கப்பட்டது என்று தளம் சொல்கிறது. யாரும் உங்கள் நேரத்தை அளப்பதில்லை, மூன்று மணி நேரம் ஓடவிட்டு வரும் விடையும் ஏற்றுக்கொள்ளப்படும். ஆனால் இந்த விதியை உண்மையாகக் கடைப்பிடித்தால்தான் தளத்தால் பயன். இலக்கப் புதிர்களில் 'எல்லா எண்களையும் சோதித்துப் பார்' என்ற முறை முதல் 50 கணக்குகள் வரை பெரும்பாலும் வேலை செய்யும். நிமிடம் தாண்டுகிறது என்றால், தேடும் பரப்பைச் சுருக்காமல் நிரலை மட்டும் வேகப்படுத்தப் பார்க்கிறோம் என்று அர்த்தம்.

எல்லையைக் கண்டுபிடிப்பதிலிருந்து தொடங்கலாம். 30-ஆவது கணக்கு, இலக்கங்களின் ஐந்தாம் அடுக்குகளைக் கூட்டினால் அதே எண் வருபவற்றைக் கேட்கிறது. 9⁵ = 59,049. ஆறு இலக்க எண்ணில் எல்லாமே 9 என்றால் கூட்டுத்தொகை 6 × 59,049 = 3,54,294. ஏழு இலக்கம் என்றால் 7 × 59,049 = 4,13,343. அதாவது ஏழு இலக்க எண் எதை எடுத்தாலும் கூட்டுத்தொகை ஆறு இலக்கத்தைத் தாண்டாது. எட்டு, ஒன்பது இலக்கங்களுக்குப் போனால் இடைவெளி இன்னும் கூடுமே தவிரக் குறையாது. ஆக 3,54,294-இல் நிறுத்திவிடலாம், அதற்கு மேல் எதுவும் கிடையாது என்பது நிரூபணமாகிவிட்டது. 34-ஆவது கணக்குக்கும் இதே வாதம்தான்: 9! = 3,62,880. ஏழு இலக்கத்துக்கு 25,40,160. எட்டு இலக்கத்துக்கு 29,03,040, இது ஏழு இலக்க எண்தான். எனவே எல்லை 25,40,160.

இணையத்தில் கிடைக்கும் பல தீர்வுகளில் 'பத்து லட்சம் வரை ஓட்டினால் போதும்' என்று காரணமே இல்லாமல் போட்டிருப்பார்கள். விடை சரியாக வந்துவிடும். ஆனால் அது அதிர்ஷ்டம். எல்லையை நிறுவாத நிரல் தீர்வு ஆகாது.

இந்தக் கணக்குகளை எழுதியவர்களிடம் எனக்கு மிகப் பிடித்த விஷயம், கேள்விக்குள்ளேயே ஒரு சிறிய சோதனையை வைத்திருப்பது. 30-ஆவதில், நான்காம் அடுக்குக்கு 1634, 8208, 9474 என்ற மூன்று எண்கள் மட்டுமே உண்டு, கூட்டுத்தொகை 19316 என்று சொல்லிவிட்டுத்தான் ஐந்தாம் அடுக்கைக் கேட்கிறார்கள். அடுக்கை ஒரு மாறியாக வைத்து நிரலை எழுதுங்கள். முதலில் 4 போட்டு 19316 வருகிறதா என்று பாருங்கள். வந்த பிறகு 5 போடுங்கள். 19317 வந்தால் 1-ஐயும் சேர்த்துவிட்டீர்கள், ஒற்றை இலக்கம் கூட்டல் ஆகாது என்று கேள்வியிலேயே எழுதியிருக்கிறது. 8-ஆவது கணக்கிலும் இப்படித்தான். ஆயிரம் இலக்க எண் ஒன்றில் அடுத்தடுத்த நான்கு இலக்கங்களின் அதிகபட்சப் பெருக்கல் 9 × 9 × 8 × 9 = 5832 என்று கொடுத்துவிட்டு, 13 இலக்கங்களுக்குக் கேட்கிறார்கள். 5832 வராத நிரலில் 13-ஐப் போட்டுப் பார்ப்பது வீண்.

எண்ணைச் சுற்றாதீர்கள், இலக்கத் தொகுப்பைச் சுற்றுங்கள்

எல்லை தெரிந்துவிட்டது. அடுத்த கட்டம், அந்த எல்லைக்குள்ளேயே வேலையைக் குறைப்பது. இலக்கங்களின் அடுக்கைக் கூட்டும்போது வரிசை முக்கியமில்லை. 2088, 8820, 8028 எல்லாவற்றுக்கும் கூட்டுத்தொகை ஒன்றுதான். அப்படியானால் 0, 2, 8, 8 என்ற தொகுப்பை ஒரே ஒரு தடவை சோதித்தால் போதும்: 0 + 16 + 4096 + 4096 = 8208. வந்த எண்ணின் இலக்கங்களை ஏறுவரிசையில் அடுக்குங்கள்: 0, 2, 8, 8. எடுத்த தொகுப்பே திரும்ப வந்துவிட்டது, எனவே 8208 ஒரு விடை. 

ஆறு இடங்களுக்குப் பத்து இலக்கங்களிலிருந்து, திரும்ப வரலாம் என்ற விதியோடு, எத்தனை தொகுப்புகள்? 5,005. மூன்றரை லட்சம் எண்களைச் சோதிக்க வேண்டிய இடத்தில் ஐயாயிரம்! பைதானின் இட்டர்டூல்ஸ் என்ற நூலகத்தில் இதற்கென்றே ஒரு செயற்கூறு இருக்கிறது, ஒரே வரியில் எல்லாத் தொகுப்புகளையும் தந்துவிடும்.

இந்த முறையை அப்படியே 34-க்கு எடுத்துப் போனால் அடி விழும். அடுக்குக் கணக்கில் 0-இன் பங்கு 0, அதனால் முன்னால் எத்தனை சுழியம் நின்றாலும் கெடுதல் இல்லை. ஆறு இடத் தொகுப்பிலேயே மூன்று, நான்கு இலக்க எண்களும் அடங்கிவிடும். ஃபேக்டோரியலில் 0! = 1. முன்னால் நிற்கும் ஒவ்வொரு சுழியமும் கூட்டுத்தொகையில் 1 ஏற்றிவிடும். எனவே 2 இலக்கம் முதல் 7 இலக்கம் வரை ஒவ்வொரு நீளத்தையும் தனித்தனியாக ஓட்ட வேண்டும், கிடைத்த கூட்டுத்தொகைக்கும் அதே நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் மொத்தம் 19,437 தொகுப்புகள்தான். நேர்வழியில் 25 லட்சம்.

92-ஆவது கணக்கில்தான் இந்த உத்தி முழுதாகக் கைகொடுக்கும். ஒரு கோடிக்குக் கீழே உள்ள ஒவ்வொரு எண்ணையும் எடுத்து, இலக்கங்களின் வர்க்கத்தைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் 1-இல் நிற்கும் அல்லது 89-இல் மாட்டிச் சுற்றும். எத்தனை எண்கள் 89-க்குப் போகின்றன? நேரடியாக எழுதினால் பைதான் ஒரு நிமிடத்தைத் தாண்டிவிட வாய்ப்பு அதிகம். முதல் கட்டச் சுருக்கம்: ஏழு 9-களின் வர்க்கக் கூட்டுத்தொகை 567. முதல் அடியிலேயே எந்த எண்ணும் 567-க்குள் வந்துவிடும். 567 வரை எது எங்கே போகிறது என்று ஒரு அட்டவணை போட்டுக்கொண்டால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரே அடி. அடுத்த சுருக்கம், தொகுப்பு முறை: ஏழு இடங்களுக்கு 11,440 தொகுப்புகள். ஒவ்வொன்றையும் எத்தனை விதமாக அடுக்கலாம் என்று 7!-ஐ மீள்வரும் எண்ணிக்கைகளின் ஃபேக்டோரியல்களால் வகுத்துக் கூட்டிக்கொள்ளுங்கள். இங்கே முன்சுழியம் பிரச்சினை இல்லை. எல்லாமே சுழியமான தொகுப்பை மட்டும் தள்ளிவிட வேண்டும்.

பேனாவே போதும் என்று காட்டும் கணக்கு

43-ஆவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். 1406357289 என்ற எண்ணில் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஒருமுறை வருகிறது. இரண்டாம் இலக்கத்திலிருந்து மூன்று மூன்றாக எடுத்தால் 406 இரண்டால் வகுபடும், 063 மூன்றால், 635 ஐந்தால், 357 ஏழால், 572 பதினொன்றால், 728 பதின்மூன்றால், 289 பதினேழால். இந்தக் குணமுள்ள எண்களையெல்லாம் கூட்டச் சொல்கிறார்கள். பெரும்பாலோர் 10! = 36,28,800 வரிசைமாற்றங்களையும் உருவாக்கி ஒவ்வொன்றையும் சோதிப்பார்கள். சில நொடிகளில் விடையும் வரும். ஆனால் அப்படிப் போட்டால் இந்தக் கணக்கின் ருசியே தெரியாது.

ஐந்தால் வகுபட வேண்டிய மூன்றிலக்கத்தின் கடைசி, அதாவது ஆறாம் இலக்கம், 0 அல்லது 5. அடுத்து ஆறு, ஏழு, எட்டாம் இலக்கங்கள் சேர்ந்து 11-ஆல் வகுபட வேண்டும். ஆறாவது 0 என்றால் 011, 022, 033 என்று இரட்டை இலக்கமாகத்தான் வரும், மீள்வரக் கூடாது என்ற விதி மீறிவிடும். ஆக ஆறாம் இலக்கம் 5. இப்போது 5-இல் தொடங்கும் 11-இன் மடங்குகள்: 506, 517, 528, 539, 550, 561, 572, 583, 594. 550 கழிந்தது, எட்டு மிச்சம். அடுத்தது 13. 06-இல் தொடங்கும் மடங்கு 065 மட்டும், 5 ஏற்கெனவே போய்விட்டது. 17-இல் தொடங்குவது எதுவும் இல்லை. 28-க்கு 286. 39-க்கு 390. 61-க்கு 611, அடிபடும். 72-க்கு 728. 83-க்கு 832. 94-க்கு 949, அடிபடும். நான்கு மிச்சம். பிறகு 17: 86-க்கு 867, 90-க்கு 901, 28-க்கு 289, 32-க்கு 323, இதில் 3 திரும்ப வருவதால் கழிவு. எண்ணின் கடைசி ஐந்து இலக்கங்கள் 52867, 53901, 57289 ஆகிய மூன்றில் ஒன்றுதான். முப்பத்தாறு லட்சம் எங்கே, மூன்று எங்கே! இங்கிருந்து ஏழு, மூன்று, இரண்டு ஆகிய வகுத்தல்களை நீங்களே வைத்து முடியுங்கள், அஞ்சு நிமிட வேலை.

பின்பக்கத்திலிருந்து, மிகக் கடுமையான நிபந்தனையை முதலில் வைத்துக் கட்டுவது என்ற இந்தப் பழக்கம் நிரலுக்கும் அப்படியே பொருந்தும். 37-ஆவதில் இரு பக்கமிருந்தும் இலக்கங்களை ஒவ்வொன்றாக வெட்டினாலும் பகா எண்ணாகவே இருக்கும் எண்களைத் தேடும்போதும் (3797 உதாரணம்) எண்களை வரிசையாகச் சோதிக்காமல் ஒவ்வொரு இலக்கமாக ஒட்டி வளர்த்தால் நொடியில் முடிந்துவிடும். முதல் இலக்கம் 2, 3, 5, 7-இல் ஒன்று, கடைசி 3 அல்லது 7, நடுவில் 1, 3, 7, 9 மட்டுமே வர முடியும். 1 பகா எண் அல்ல என்பதை உங்கள் சோதனைச் செயற்கூறு அறிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இந்தக் கணக்கில் பாதித் தவறு அங்கேதான். மொத்தம் பதினோரு எண்கள் என்று கேள்வியிலேயே சொல்லியிருப்பதால் எங்கே நிறுத்துவது என்ற கவலையும் இல்லை.

எங்கெல்லாம் சறுக்கும்

சுழியத்திலிருந்து தொடங்குவோம், இலக்கப் புதிர்களில் தவறுகளின் தலைவாசல் அதுதான். தளத்தில் பதிவு செய்வதற்கு முன்பே ஒரு பயிற்சி செய்து பார்க்கலாம். நாசிக் அருகே தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த கப்ரேகர் (1905–1986) கண்டுபிடித்தது: எல்லா இலக்கமும் ஒன்றாக இல்லாத நான்கு இலக்க எண்ணை எடுத்து, இலக்கங்களை இறங்குவரிசையில் அடுக்கியதிலிருந்து ஏறுவரிசையில் அடுக்கியதைக் கழித்துக்கொண்டே போனால் ஏழு அடிகளுக்குள் 6174 வந்துவிடும். இதை நிரலாக எழுதி 2111 கொடுங்கள். 2111 − 1112 = 999. இதை மூன்று இலக்க எண்ணாக எடுத்தால் 999 − 999 = 0, கதை முடிந்தது. 0999 என்று நான்கு இடமாக வைத்தால்தான் 9990 − 0999 = 8991, பிறகு 8082, 8532, 6174 என்று போகும். ஸ்ட்ரிங்காக (எழுத்துச் சரமாக) மாற்றியபின் இடப்பக்கம் சுழியம் நிரப்ப வேண்டும் என்பது இந்த ஓர் எண்ணிலேயே மனதில் பதிந்துவிடும். கப்ரேகரின் ஹர்ஷத் எண்களை (தன் இலக்கங்களின் கூட்டுத்தொகையால் வகுபடும் எண்களை) வைத்துத் தளத்தில் 387-ஆவது கணக்கு இருக்கிறது என்பது நம்மூர்க்காரர்களுக்கு ஒரு சந்தோஷம்.

சுழியம் இன்னொரு ரூபத்திலும் வரும். 11-ஆவது கணக்கின் எண் கட்டம் 08 02 22 என்று தொடங்குகிறது. அதை அப்படியே நகலெடுத்து நிரலுக்குள் ஒட்டினால் பைதான் 3 ஏற்றுக்கொள்ளாது. சி மொழியில் 0-இல் தொடங்கும் எண் எட்டடிமான எண்ணாக வாசிக்கப்படும், அதில் 08 என்பதே செல்லாது. ஒட்டுவதானால் மேற்கோள்குறிக்குள் ஸ்ட்ரிங்காக ஒட்டி, பிறகு பிரித்து எண்ணாக்குங்கள். 8-ஆவது கணக்கின் ஆயிரம் இலக்கமும் 50 இலக்கம் வீதம் 20 வரிகளாக இருக்கும். வரி முறிவுகளை நீக்காவிட்டால் நடுவில் எரர் வரும். ஒவ்வொரு வரியையும் தனித்தனியாகச் சோதித்தால் இரண்டு வரிகளில் பரவியிருக்கும் பெருக்கல்களைத் தவறவிடுவீர்கள்.

அதே 8-ஆவதில், சி, ஜாவா எழுதுபவர்களுக்கு வேறொரு குழி. 9¹³ = 2541865828329. 32 பிட் முழு எண்ணின் உச்சம் 2147483647. பெருக்கல் வழிந்தோடி, ஏதோ ஓர் எண் சத்தமில்லாமல் வரும், எரர்கூடக் காட்டாது. 64 பிட்டுக்கு மாறினால் சரியாகும். 55-ஆவதில் 64 பிட்டும் போதாது. எண்ணைத் திருப்பிப் போட்டுக் கூட்டிக்கொண்டே போய் 'விகடகவி' போல முன்பின் ஒன்றாக வாசிக்கும் எண் வருகிறதா என்று பார்க்கும் கணக்கு அது. 10677 என்ற எண்ணுக்கு 53 சுற்றுகள் தேவை, கடைசியில் நிற்பது 28 இலக்க எண். பைதானில் முழு எண்ணுக்கு அளவு வரம்பு இல்லை என்பதால் இந்தக் கவலை இல்லை. ஆனால் 4994 அங்கே காத்திருக்கும். அது ஏற்கெனவே முன்பின் ஒன்றான எண். இருந்தும், கூட்டத் தொடங்கிய பிறகு அப்படி ஓர் எண் வருவதில்லை என்ற வகையில் சேர்கிறது. சோதனையைக் கூட்டலுக்கு முன்னால் வைத்தால் எண்ணிக்கை தவறும். முதலில் கூட்டுங்கள், பிறகு பாருங்கள்.

36-ஆவதில் பத்தடிமானத்திலும் இரண்டடிமானத்திலும் முன்பின் ஒன்றாக இருக்க வேண்டும்: 585, இரண்டடிமானத்தில் 1001001001. பைதான் இரண்டடிமான ஸ்ட்ரிங்கின் தலையில் ஒரு சுழியத்தையும் ஓர் எழுத்தையும் ஒட்டித் தரும். அந்த இரண்டையும் வெட்டாமல் திருப்பிப் பார்த்தால் ஒரு விடைகூடக் கிடைக்காது. இரட்டைப்படை எண்களை எடுக்கவே வேண்டாம். இரண்டடிமானத்தில் அவை 0-இல் முடியும், முன்சுழியம் கூடாது என்பதால் திருப்ப முடியாது. வேலை பாதியாகிவிட்டது.

தசம எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். பைதானில் 64-க்கு கன மூலத்தை 1/3 அடுக்காகக் கேட்டால் 3.9999999999999996 வரும். முழு எண்ணாக வெட்டினால் 3. அதனால் 62-ஆவது கணக்கில் (41063625, 56623104, 66430125 மூன்றும் ஒரே இலக்கங்களைக் கொண்ட கனங்கள்: 345³, 384³, 405³) மூலம் கண்டுபிடிக்கும் வேலையே வேண்டாம். 1³, 2³ என்று ஏறிக்கொண்டே போய், ஒவ்வொரு கனத்தின் இலக்கங்களையும் வரிசைப்படுத்தி அதைச் சாவியாக வைத்து டிக்‌ஷனரியில் போடுங்கள். 'சரியாக ஐந்து' என்று கேட்டிருக்கிறார்கள். ஐந்து சேர்ந்தவுடனே நிறுத்தாதீர்கள், அதே நீளமுள்ள கனங்கள் எல்லாம் முடியும்வரை ஆறாவது வரலாம். 33-ஆவதில் 49/98 = 4/8 போன்ற பின்னங்களை ஒப்பிடும்போதும் வகுக்காமல் குறுக்கே பெருக்குங்கள்: 49 × 8 = 392, 4 × 98 = 392.

கடைசியாக, பழைய விளக்கங்களைப் படித்து வருபவர்களைத் திகைக்க வைக்கும் ஒன்று. 2022 முதல் பைதான் பதிப்புகளில், 4,300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணை ஸ்ட்ரிங்காக மாற்ற முயன்றால் எரர் வரும். மிகப் பெரிய எண்களை மாற்றச் சொல்லி சர்வர்களை முடக்குவதைத் தடுக்க வைத்த வரம்பு அது. 16-ஆவது கணக்கின் 2¹⁰⁰⁰-க்கு 302 இலக்கம்தான், தொந்தரவு இல்லை. 97-ஆவதில் 28433 × 2⁷⁸³⁰⁴⁵⁷ + 1 என்ற, 23 லட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்களைக் கொண்ட பகா எண்ணின் கடைசிப் பத்து இலக்கம் மட்டும் கேட்கிறார்கள். ஸ்ட்ரிங்காக மாற்றிக் கடைசியை வெட்டும் வழியில் இந்த வரம்பில் முட்டுவீர்கள். வரம்பைத் தளர்த்த வழி உண்டு என்றாலும் அது சரியான மருந்தல்ல. அடுக்கேற்றும் செயற்கூறுக்கு மூன்றாவது மதிப்பாக 10¹⁰ கொடுத்தால், ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொண்டு கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

தளத்தின் குறைகள்

தவறான விடைக்கு ஒரு வார்த்தைகூட உதவி கிடைக்காது. ஒன்று கூடுதலா, குறைவா, எந்த வகை எண் விடுபட்டது, எதுவும் சொல்லாது. 30-ஆவது, 8-ஆவது போல சோதனை எண் கொடுத்திருக்கும் கணக்குகளில் இது பெரிய குறை அல்ல. 32-ஆவது போன்றவற்றில் சிரமம். 39 × 186 = 7254 போல ஒன்று முதல் ஒன்பது வரை எல்லா இலக்கமும் ஒருமுறை வரும் பெருக்கல்களைக் கண்டுபிடித்து, விடைகளைக் கூட்ட வேண்டும். ஒரே பெருக்குத்தொகை இரண்டு வழியில் வரலாம், ஒரு தடவைதான் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பைக் கவனிக்காதவர் மணிக்கணக்கில் திணறுவார். லிஸ்டுக்குப் பதில், ஒரே மதிப்பை இரண்டு தடவை வைத்துக்கொள்ளாத செட் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும். கேள்வியின் கடைசி வரியை, குறிப்பாகச் சிறிய எழுத்தில் உள்ளதை, இரண்டு தடவை படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேள்விகள் ஆங்கிலத்தில் மட்டும். வார்த்தைகள் குறைவு, எண் உதாரணம் நிறைய என்பதால் பள்ளி ஆங்கிலம் போதும். ஆனால் சுழற்சி வேறு, வரிசைமாற்றம் வேறு என்பது போன்ற இடங்களில் நிதானிக்க வேண்டும். 35-ஆவதில் 197, 971, 719 மூன்றும் பகா எண்கள் என்கிறார்கள். அது சுழற்சி. 179 அந்தப் பட்டியலில் சேராது.

இன்னொரு குறை, பைதான் எழுதுபவர்களுக்கு 16, 20, 25 போன்றவை ஒரே வரியில் முடிந்துவிடுவது. 2¹⁰⁰⁰-இன் இலக்கங்களைக் கூட்டுவதில் அங்கே கற்க எதுவும் இல்லை. இவை பெரிய எண்ணைத் தாங்காத மொழிகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை. பயிற்சி வேண்டும் என்றால் பைதானிலேயே இலக்கங்களை ஒரு லிஸ்டில் வைத்து, கையால் போடுவது போல மீதியைக் கடத்தி இரட்டித்துப் பாருங்கள்.

உங்கள் நிரலையே சோதிக்க வேண்டும் என்றால் ஹேக்கர்ரேங்க் தளத்தின் ப்ராஜெக்ட் ஆய்லர் ப்ளஸ் பகுதிக்குப் போகலாம். இதே கணக்குகள்தான், ஆனால் வரம்புகளை மாற்றி, பல உள்ளீடுகளுக்கு நேரக் கட்டுப்பாட்டோடு நிரலை ஓட்டிப் பார்க்கிறார்கள். வேலைத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு அது பொருத்தம். யோசிக்கும் சுகத்துக்கு மூலத் தளம்தான். நீல் ஸ்லோன் 1964-இல் தொடங்கிய முழு எண் தொடர்களின் களஞ்சியமும் இணையத்தில் இலவசம். ஆனால் 145 என்று தட்டினாலே பல விடைகள் அங்கே வெளிப்பட்டுவிடும். கணக்கைப் போட்டு முடித்தபின் போனால், அந்த எண்களைப் பற்றி இன்னும் நூறு விஷயம் கிடைக்கும்.

எந்த வரிசையில் போடலாம்

எண் வரிசைப்படி போக வேண்டிய கட்டாயம் இல்லை. கணக்குப் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் தீர்த்தார்கள் என்ற எண்ணிக்கை இருக்கிறது, கடினத்தை அறிய அதுவே நல்ல அளவுகோல். இலக்கப் புதிர்கள் மட்டும் வேண்டும் என்றால் 4-இல் தொடங்குங்கள். மூன்றிலக்க எண்கள் இரண்டைப் பெருக்கி வரும் மிகப் பெரிய முன்பின் ஒன்றான எண் எது என்ற கேள்வி. ஆறு இலக்க முன்பின் எண் எதுவானாலும் 11-ஆல் வகுபடும், எனவே பெருக்கும் எண்களில் ஒன்று 11-இன் மடங்காக இருந்தே தீரும் என்பதைக் கண்டுகொண்டால் வேலை பதினொன்றில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடும். பெரியதைத் தேடும்போது ஸ்ட்ரிங்குகளை ஒப்பிடாதீர்கள், அங்கே 99 என்பது 100-ஐவிடப் பெரியது. பிறகு 30, 34, 36. அடுத்து 32, 33, 35, 37. பேனாவோடு உட்கார 43. இலக்கங்களை வரிசைப்படுத்திச் சாவியாக்கும் உத்திக்கு 49, 52, 62 மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக. பொறுமைக்கு 55.

92-ஐக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். தொகுப்பு முறையில் எழுதி, தளம் விடையை ஏற்றுக்கொண்டதும் நிரலை மூடாமல் 7 என்ற இட எண்ணிக்கையை 12 ஆக்குங்கள். அட்டவணையை 972 வரை நீட்ட வேண்டும், வேறு எதையும் தொட வேண்டாம். ஒரு லட்சம் கோடி எண்களைப் பற்றிய விடை, 2,93,930 தொகுப்புகளைப் பார்த்தே வந்துவிடும்.